பொறியியல், கணினி ஆய்வு: மதுரை வட்டாரத்திலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் முனைவர் பட்ட ஆய்வுக்கான சேர்க்கை ஜனவரி, ஜூலை என ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் நடக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்பாக மதுரை, திருமங்கலம், மேலூர், உசிலம்பட்டி, சிவகங்கைப் பக்கங்களிலிருந்து மாணவர்களும், பணியில் இருக்கும் விரிவுரையாளர்களும், சில வேளைகளில் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கு, மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆய்வு நெறியாளராக இருப்பவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். விதிகள் அவ்வப்போது திருத்தப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் பருவத்தில் வெளியாகும் அறிவிக்கையையே இறுதியானதாகக் கொள்ள வேண்டும்.

பொறியியலில் ஆய்வு என்றால் என்ன? இறுதியாண்டில் செய்யும் புராஜெக்ட்டும் ஆய்வும் ஒன்றுதானே?

இறுதியாண்டு புராஜெக்ட்டில் செய்த பொருள் மேசைமேல் இயங்கிவிட்டால் போதும். ஆய்வில், அது ஏன் இயங்குகிறது, எந்த எல்லைவரை இயங்கும், எங்கே பொய்த்துப் போகும் என்பதை, வேறொருவர் தம் ஆய்வகத்தில் திரும்பச் செய்து சரிபார்க்கக்கூடிய அளவுக்கு எழுதிக் காட்ட வேண்டும்.

எங்கள் பக்கத்து எடுத்துக்காட்டு ஒன்றைச் சொல்கிறேன். மல்லிகைத் தோட்டத்து மண்ணின் ஈரத்தை அளந்து, மோட்டாரைத் தானாகவே ஓட்டி நிறுத்தும் கருவியை ஆண்டுதோறும் மூன்று நான்கு குழுக்களாவது செய்துவருகின்றன. இரண்டு முள் கொண்ட மலிவான ஈர உணரியை ஒரு பூந்தொட்டியில் செருகி, தண்ணீர் ஊற்றியதும் விளக்கு அணைவதைத் தேர்வாளரிடம் காட்டி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். அதே கருவியைத் திருமங்கலத்துக் கரிசல் நிலத்தில் கொண்டுபோய் நட்டால் நடப்பது வேறு. முள்களின் வழியே நேர்மின்னோட்டம் இடைவிடாமல் பாய்வதால் மின்பகுப்பு நிகழ்ந்து, சில வாரங்களில் ஒரு முள்ளின் உலோகப் பூச்சு அரித்துப் போகிறது. கரிசல் மண் காயும்போது சுருங்கி வெடிப்பதால், முள்ளைச் சுற்றிக் காற்று இடைவெளி விழுந்து, அடியில் ஈரம் இருக்கும்போதே வறண்டுவிட்டதாகக் கருவி சொல்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணுக்கு வைத்த அளவுகோல் இந்த மண்ணுக்குப் பொருந்துவதும் இல்லை.

ஆய்வு இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. உணரி இருந்த இடத்து மண்ணை எடுத்து எடைபோட்டு, 105 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடியும் எடைபோட்டால், இழந்த நீரின் எடையை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்து உண்மையான ஈரத்தைக் கண்டுபிடிக்கலாம். உணரி காட்டிய எண்ணை அதனோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு மண்ணுக்கும் தனித்தனி வரைகோடு போட வேண்டும். எங்கள் மாணவி ஒருவர் ஒரு கோடை முழுவதும் மூடி போட்ட சின்ன அலுமினிய டப்பாக்களில் மண் நிரப்பி, எண் ஒட்டி, காலையில் அடுப்பிலிருந்து எடுத்து, ஆறவைத்து, எடை எழுதிக்கொண்டிருந்தார். ஆறுவதற்குள் எடைபோட்டால் தராசின் எண் நிலைகொள்ளாமல் ஆடும். ஆறட்டும் என்று திறந்து வைத்தால் மண் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இந்தச் சின்னத் தொல்லையைச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட வாரத்தில்தான் அவர் ஆய்வாளர் ஆனார் என்று நான் கருதுகிறேன்.

மதுரையில் இருந்தே செய்த ஆய்வு வெளியே பயன்பட்டிருக்கிறதா?

பயன்பட்டிருக்கிறது. எல்லோருக்கும் உடனே நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் சாலை. திருப்பரங்குன்றத்தில் 1957-இல் தொடங்கப்பட்ட தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன், தூக்கியெறியப்படும் பிளாஸ்டிக் பைகளையும் உறைகளையும் தார்ச்சாலையில் பயன்படுத்தும் உலர் முறையை உருவாக்கினார். 2002-இல் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே அந்த முறையில் சாலை போடப்பட்டது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த ஆய்வில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்க முயல்வதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் வழி. அப்படிக் கலந்தால் இரண்டும் பிரிந்து நிற்கும் தொல்லை இருக்கிறது. உலர் முறையில், ஜல்லியைச் சுமார் 170 பாகை வரை சூடாக்கி, துருவிய பிளாஸ்டிக்கை அந்தச் சூடான கல்லின்மேல் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லைச் சுற்றி மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் பிறகே தார் சேர்கிறது. படலம் கல்லின் நுண்துளைகளை அடைத்துவிடுவதால் தண்ணீர் உள்ளே போவது குறைகிறது, தாரின் பிடிப்பும் கூடுகிறது. மழைக்காலத்தில் ஜல்லி பெயர்ந்து வருவதற்குக் காரணமே கல்லுக்கும் தாருக்கும் நடுவே புகும் தண்ணீர்தான். பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் போன்றவை இதற்கு உதவும். சூட்டில் குளோரின் சார்ந்த நச்சு வாயுவை வெளியிடும் பி.வி.சி.யைச் சேர்க்கக் கூடாது. 2013-இல் இந்தியச் சாலைக் கழகம் இம்முறைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. வளாகச் சாலையிலிருந்து அந்த வழிகாட்டு நெறி வருவதற்கே பத்தாண்டுகளுக்கு மேலாகியிருக்கிறது என்பதை, மூன்றே ஆண்டில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று கேட்கும் பெற்றோர் மனத்தில் வைக்க வேண்டும்.

கணினித் துறையில் பார்த்தால், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, விழித்திரைப் படங்களை இயந்திரக் கற்றலால் ஆராயும் கூகுள் நிறுவனத்தின் பணியில் பங்கேற்றது. நீரிழிவினால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கண்டறியும் அந்த ஆய்வு 2016-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. 1,28,175 விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினிக்குப் பயிற்சி அளித்தார்கள். ஒவ்வொரு படத்தையும் 54 கண் மருத்துவர்கள் கொண்ட குழுவிலிருந்து மூன்று முதல் ஏழு பேர்வரை தனித்தனியே பார்த்துத் தரம் பிரித்தார்கள். நிரல் எழுதுவதைக் காட்டிலும் இந்தத் தரம் பிரிக்கும் வேலையில்தான் அந்த ஆய்வின் உழைப்பு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு.

யார் சேரலாம்?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் 55 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர்கள் விண்ணப்பிக்கலாம். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களை நேரடியாகச் சேர்த்துக்கொள்ளவும் அந்த விதிகள் இடம் தருகின்றன. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. இது குறைந்தபட்ச வரையறை மட்டுமே. உங்கள் பட்டம் எந்தத் துறையின் ஆய்வுக்குப் பொருந்தும் என்பதை நீங்கள் சேரும் பல்கலைக்கழகத்தின் விதியே தீர்மானிக்கும். எம்.ஃபில். பட்டம் அதே விதிகளோடு நிறுத்தப்பட்டுவிட்டது என்பதால் அதைப் பற்றி இனிக் கேட்க வேண்டியதில்லை.

கல்லூரியில் சேர்கிறோமா, பல்கலைக்கழகத்தில் சேர்கிறோமா?

பதிவும் பட்டமும் பல்கலைக்கழகத்தினுடையவை. நாள்தோறும் உட்கார்ந்து வேலை செய்வது கல்லூரியில். இணைவு பெற்ற கல்லூரியின் ஒரு துறையை ஆய்வு மையமாகப் பல்கலைக்கழகம் ஏற்றிருந்தால் மட்டுமே அங்கே முழுநேர ஆய்வு செய்ய முடியும். கல்லூரி பெயர்பெற்றது என்பதாலேயே அதன் எல்லாத் துறைகளும் ஆய்வு மையங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. துறைக்கான ஏற்பு ஆணையைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. 1966-இல் தொடங்கப்பட்ட மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் கணினி அறிவியல் ஆய்வு நடக்கிறது. அதன் விதிகளும் கால அட்டவணையும் வேறு.

நெறியாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எல்லாக் கேள்விகளிலும் இதற்குத்தான் நீளமான பதில் தேவைப்படுகிறது. ஆனால் பெரும்பாலோர் சேர்ந்த பிறகுதான் இதைக் கேட்கிறார்கள்.

மானியக் குழுவின் விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் 8 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், உதவிப் பேராசிரியர் 4 பேரையும் வழிநடத்தலாம். ஓய்வுபெற மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிதாக எவரையும் சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆகவே, இடம் இருக்கிறதா, ஓய்வு எப்போது என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்ததாக, காந்திநகரில் உள்ள இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில், அவருடைய மேற்பார்வையில் முடிந்த ஆய்வேடுகள் கிடைக்கும். இரண்டையாவது எடுத்து முழுமையாகப் படியுங்கள். முன்னுரையைத் தாண்டிச் சோதனைப் பகுதிக்குப் போய், எடுத்த அளவீடுகள் எத்தனை, எந்தக் கருவியில் எடுத்தவை, தவறிய சோதனைகளைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். எல்லாச் சோதனையும் முதல் தடவையிலேயே வெற்றி பெற்ற ஆய்வேட்டைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும்.

பிறகு, அவரிடம் இப்போது ஆய்வு செய்பவர்களைத் தனியே சந்தித்து, கேன்டீனில் ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்து, இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை முறை சாரைப் பார்க்க முடிகிறது, எழுதிக் கொடுத்த கட்டுரையை எத்தனை நாளில் திருத்தித் தருகிறார். எவ்வளவு பெரிய அறிஞராக இருந்தாலும், எழுதிக் கொடுத்ததை ஆறு மாதம் மேசையில் வைத்திருப்பவரிடம் சேர்ந்தால் ஆண்டுகள் கரைந்துவிடும். நானே ஆய்வாளராக இருந்த காலத்தில் ஒரு முழுப் பருவத்தை இப்படி இழந்தேன். அப்போது, நினைவூட்டுவது மரியாதைக் குறைவு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணிவாக நினைவூட்டுவதை எந்த நல்ல நெறியாளரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

உதவித்தொகை கிடைக்குமா? வீட்டை நடத்த அது போதுமா?

மத்திய அரசின் நிதியுதவி பெறும் ஆய்வுத் திட்டங்களில் சேரும் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாயும் என 2023 ஜனவரி முதல் உயர்த்தப்பட்டிருக்கிறது. வீட்டு வாடகைப் படி தனி. இதற்குக் கேட், நெட் என்னும் தேசிய அளவிலான தகுதித் தேர்வுகளில் ஒன்று பெரும்பாலும் கட்டாயம். கேட் மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால் எம்.இ. படிக்கும்போதே எழுதிவைப்பது நல்லது. முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற வாரியம் வழங்கிவந்த திட்ட நிதியை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை இப்போது வழங்குகிறது.

திட்டம் மூன்று ஆண்டில் முடிந்துவிடும், ஆய்வேடு முடியாது. அதற்குப் பிந்தைய காலத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை நெறியாளரிடம் சேரும் நாளிலேயே பேசிவிட வேண்டும். உதவித்தொகை எதுவும் இல்லாமல், ஆய்வகப் பணி பார்ப்பதற்கு ஈடாகச் சிறு தொகை மட்டும் தரும் ஏற்பாட்டில் சேர்பவர்களும் உண்டு. குடும்பத்துக்கு வேறு வருமானம் இல்லாத நிலையில் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

வேலையில் இருந்துகொண்டு பகுதிநேரமாகச் செய்ய முடியுமா?

முடியும். வேலை செய்யும் நிறுவனத்திடம் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். கல்லூரி விரிவுரையாளர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகிறார்கள். வாரத்துக்குப் பதினாறு வகுப்பு, விடைத்தாள் திருத்தம், மதிப்பீட்டுக் குழு வருகைக்கான கோப்பு வேலை ஆகியவற்றுக்கு நடுவே ஆய்வுக்கு மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமையின் பாதி. அதனால் பகுதிநேரத்தில் வருபவர்களுக்கு, தாம் நாள்தோறும் புழங்கும் இடத்திலேயே கிடைக்கும் தரவைக் கொண்டு தலைப்பு அமைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நூற்பாலையில் பராமரிப்புப் பொறியாளராக இருப்பவருக்கு மோட்டார் தாங்கிகளின் அதிர்வு அளவீடுகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. அவர் செயற்கைக்கோள் படங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை.

எத்தனை ஆண்டு ஆகும்? நடுவில் என்னென்ன கட்டங்கள்?

மானியக் குழு குறைந்தபட்சம் 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு என்று வைத்திருக்கிறது. மறுபதிவு மூலம் 2 ஆண்டு நீட்டிப்பு பெறலாம். பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் மேலும் 2 ஆண்டு உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு மகப்பேறு விடுப்பும் தனியே உண்டு. “கல்யாணம் பேசியிருக்கிறோம், நடுவில் நின்றுவிடுமோ?” என்று அம்மாக்கள் கேட்பதற்கு இதுதான் பதில்: விதி இடம் கொடுக்கிறது, மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டியது உங்கள் பொறுப்பு.

முதலில் குறைந்தது 12 மதிப்பலகு (கிரெடிட்) அளவுக்குப் பாடங்கள். அவற்றில் ஆய்வு நெறிமுறைகள் பற்றிய பாடமும் அடக்கம். பிறகு டி.சி. என்று எல்லோரும் சொல்லும் ஆய்வுக்குழுவின் முன் அவ்வப்போது முன்னேற்றத்தை விளக்க வேண்டும். ஆய்வுச் சுருக்கம், ஆய்வேடு, வெளித் தேர்வாளர்களின் மதிப்பீடு, இறுதியில் பொது வாய்மொழித் தேர்வு. ஆய்வேடு குறைந்தது இரண்டு வெளித் தேர்வாளர்களிடம் போகிறது. இயன்றவரை ஒருவர் வெளிநாட்டவராக இருப்பார். அஞ்சலும் நினைவூட்டலுமாக இந்தக் கட்டமே சில மாதங்களை எடுத்துக்கொள்ளும் என்பதைக் கணக்கில் வைக்காமல் அயல்நாட்டு வேலைக்கு நாள் குறித்துவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கணினி ஆய்வுக்கு விலையுயர்ந்த கணினி வேண்டாமா? நம் ஊர்க் கல்லூரியில் என்ன வசதி இருக்கப் போகிறது?

தொடங்குவதற்கு வேண்டாம். கூகுள் கோலேப் போன்ற இணையச் சேவைகளில் குறிப்பிட்ட நேரத்துக்கு இலவசமாகவே ஜிபியூ (பெரிய கணக்கீடுகளை வேகமாகச் செய்யும் செயலி) கிடைக்கிறது; முதல் ஆண்டுச் சோதனைகளுக்கு அது தாராளம். பெரிய கணக்கீடு தேவைப்படும்போது, தேசிய மீத்திறன் கணினித் திட்டத்தின் கீழ் 2022 மே மாதம் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 838 டெராஃபிளாப் (ஒரு டெராஃபிளாப் என்பது நொடிக்கு லட்சம் கோடி கணக்கீடு) திறனுள்ள ‘பரம் பொருள்’ கணினி பக்கத்து ஊரிலேயே இருக்கிறது. அத்தகைய வசதிகளைப் பயன்படுத்த நெறியாளர் வழியாக விண்ணப்பித்துக் கேட்டுப் பார்க்கலாம்.

வசதிக் குறையை விட, பழக்கக் குறையால் இழப்பதே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன், ஏப்ரல் மாத இரவொன்றில், எங்கள் ஆய்வகத்தில் தரவைக் கொண்டு கணினிக்குச் சுமார் 40 மணி நேரமாக அளித்துக்கொண்டிருந்த பயிற்சி மின்தடையில் நின்றுபோனது. யு.பி.எஸ். மின்கலம் பழையது, பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மறுநாள் காலை அந்த ஆய்வாளர் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். இடைநிலைகளை அரைமணிக்கு ஒருமுறை வட்டில் சேமிக்கும் இரண்டு வரி நிரல் இருந்திருந்தால் இழப்பு அரைமணி நேரத்தோடு போயிருக்கும். பிழை அவருடையது மட்டும் இல்லை, அதைச் சொல்லிக்கொடுக்காத என்னுடையதும்தான்.

ஆய்விதழ்களைப் படிக்கப் பணம் கட்ட வேண்டுமே என்ற கவலை அரசு நிறுவனங்களில் இப்போது பெருமளவு குறைந்திருக்கிறது. மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் கீழ் 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள் அரசின் உயர்கல்வி நிறுவனங்களுக்குக் கிடைக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் அடங்குமா என்று நூலகரைக் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கே தெரியாது.

படங்களைக் கொண்டு நான் பயிற்சி அளித்த கணினி மாதிரி (மாடல்) 99 விழுக்காடு துல்லியம் காட்டுகிறது. ஆனாலும் நெறியாளர் ஏற்க மறுக்கிறார். ஏன்?

பெரும்பாலும் நெறியாளர் சொல்வதுதான் சரியாக இருக்கும். பயிர் நோய் பற்றிய ஆய்வில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 54,000-க்கும் மேற்பட்ட இலைப் படங்களைக் கொண்டு 2016-இல் வெளியான ஓர் ஆய்வில், அதே தொகுப்பிலிருந்து எடுத்துவைத்த படங்களில் துல்லியம் 99.35 விழுக்காடாக இருந்தது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது சுமார் 31 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆய்வாளர்களே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். ஒரே சீரான பின்னணியில் இலையைப் பறித்து வைத்து எடுத்த படத்தில் கற்றுக்கொண்ட கணினிக்கு, வெயிலும் நிழலும் மண்ணும் பக்கத்துச் செடியும் சேர்ந்து தெரியும் தோட்டத்துப் படம் புதிது.

உள்ளூரில் நடக்கும் பிழை இன்னும் எளிமையானது. ஒரு மல்லிகைத் தோட்டத்தில், ஒரே காலைப் பொழுதில், ஒரே கைப்பேசியால் 2,000 படம் எடுத்துவிட்டு, அவற்றைக் கலைத்துப் போட்டுப் பயிற்சிக்கு எண்பது விழுக்காடு, சோதனைக்கு இருபது விழுக்காடு என்று பிரிக்கிறார்கள். ஒரே செடியின் அடுத்தடுத்த இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் விழுந்துவிடுகிறது. கேள்வித்தாளை முந்தின நாளே பார்த்துவிட்டு நூற்றுக்கு நூறு வாங்கியதைப் போன்றதுதான் அந்தத் துல்லியம். தோட்டவாரியாகப் பிரியுங்கள்: உசிலம்பட்டித் தோட்டங்கள் பயிற்சிக்கு, கணினி பார்த்தே இராத நிலக்கோட்டைத் தோட்டங்கள் சோதனைக்கு. எண் 70-க்கு இறங்கினால் வருந்த வேண்டாம். எழுதத் தகுந்த ஆய்வு அங்கேதான் இருக்கிறது. மருத்துவப் படங்களில் இதே விதி நோயாளிவாரியாகப் பொருந்தும். அங்கே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு படத்தைக்கூடத் தொடக் கூடாது.

தமிழைப் பற்றிக் கணினித் துறையில் ஆய்வு செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம், ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ‘தமிழ்’ என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் கணினியில் எண் தரும் பொது முறையான யூனிக்கோடில் அது ஐந்து குறிகள், அந்தக் குறிகளைச் சேமிக்கும் யு.டி.எஃப்.-8 முறையில் பதினைந்து பைட். ‘வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். இப்படிப்பட்ட சொற்களைக் கணினி எங்கே வெட்டிப் பிரிக்க வேண்டும் என்பது இன்னும் முடிந்துபோகாத கேள்வி.

மதுரைக்காரர்களுக்கு இன்னும் இரண்டு சொத்துகள் உண்டு. ஒன்று, ‘வந்தாய்ங்க, போனாய்ங்க’, ‘அங்கிட்டு, இங்கிட்டு’ என்னும் நம் பேச்சு. செய்தி வாசிப்புத் தமிழில் பயிற்சி பெற்ற பேச்சுணரி இதைக் கேட்டு என்ன எழுதுகிறது என்று ஒரு மாலை நேரம் சோதித்துப் பாருங்கள், தலைப்பு கிடைத்துவிடும். மற்றொன்று, ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் சௌராஷ்டிர மொழி. அதன் எழுத்துகளுக்கு 2008 முதல் யூனிக்கோடில் இடம் இருக்கிறது. கணினிக்குப் பயிற்சி அளிக்கும் அளவுக்கு எழுத்துத் தரவு மிகக் குறைவு. குறைந்த தரவில் எப்படிக் கற்பிப்பது என்பது உலகெங்கும் கேட்கப்படும் கேள்வி, அதற்கான களம் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறது.

பணம் கட்டினால் பதினைந்து நாளில் கட்டுரை வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் வருகிறது. அனுப்பலாமா?

கூடாது. நேர்மையான இதழில் கட்டுரையைத் துறை அறிந்தவர்கள் படித்துக் கேள்வி கேட்பார்கள். அதற்கு மாதங்கள் ஆகும். மானியக் குழு 2019-இல் கொண்டுவந்த ‘கேர்’ இதழ்ப் பட்டியல் 2025-இல் கைவிடப்பட்டுவிட்டதால், அந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்று சொல்லி வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். உங்கள் ஆய்வேட்டில் நீங்கள் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்த இதழ்களில் வந்தவையோ அவற்றுக்கே அனுப்புங்கள்.

எழுத்துத் திருட்டுச் சோதனையில் எவ்வளவு வரலாம்?

மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகள், மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் நீக்கிய பிறகு 10 விழுக்காடுவரையிலான ஒப்புமைக்குத் தண்டனை விதிப்பதில்லை. 10 முதல் 40, 40 முதல் 60, அதற்கு மேல் எனத் தண்டனை கூடிக்கொண்டே போய்ப் பதிவு நீக்கம்வரை செல்லும். சொற்களை மாற்றிப் போட்டு எண்ணைக் குறைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் போனால், அவர்கள் ‘எதிரொலி’யை ‘எதிர்ச் சத்தம்’ ஆக்கும் தரத்தில் ஆங்கிலக் கலைச்சொற்களையும் மாற்றிவிடுவார்கள். தேர்வாளர் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்.

காப்புரிமை வாங்கினால் ஆய்வுக்கு மதிப்பு கூடுமா?

வாங்கினால் கூடும். விண்ணப்பம் தாக்கல் செய்த 18 மாதத்துக்குப் பின் காப்புரிமை இதழில் ‘வெளியிடப்பட்டது’ என்று வருவதைப் பலர் காப்புரிமையே கிடைத்துவிட்டதாகப் பிளெக்ஸ் அடித்துக் கொண்டாடுகிறார்கள். அது விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது என்பதற்கான அறிவிப்பு மட்டுமே. ஆராய்ந்து வழங்குவது அதற்குப் பின்னால் நடக்கும் வேலை. வழங்கப்பட்டால், தாக்கல் செய்த நாளிலிருந்து 20 ஆண்டுகளுக்குச் செல்லும். வெறும் கணினி நிரலுக்கு நம் சட்டத்தின் 3(கே) பிரிவு காப்புரிமை தருவதில்லை. முக்கியமாக, கட்டுரையை முதலில் வெளியிட்டுவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் புதுமை போய்விட்டது என்று தள்ளிவிடுவார்கள், வரிசையை மாற்றாதீர்கள்.

நாங்கள் மாணவர்கள் இல்லை. சிறு பட்டறை நடத்துகிறோம், விவசாயம் பார்க்கிறோம். எங்கள் பிரச்சினையைக் கல்லூரிக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவாருங்கள், நல்ல ஆய்வுத் தலைப்புகள் இப்படித்தான் வருகின்றன. துறைத் தலைவரைச் சந்திக்க வரும்போது மோட்டாரின் பெயர்ப்பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, கடைசி ஆறு மின்கட்டண அட்டைப் பதிவுகளையும், உடைந்த உதிரிப் பாகத்தைக் கழுவாமல் அப்படியே ஒரு பையில் போட்டும் எடுத்துவாருங்கள். முறிந்த பல்சக்கரத்தின் முறிவுப் பரப்பை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்துப் பளபளவென்று கொண்டுவந்து நீட்டுகிறார்கள். அந்தக் கறையில்தான் முறிவு எங்கே தொடங்கியது என்பதற்கான தடயம் இருந்திருக்கும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்கு மேல் வந்தால் வகுப்பு முடிந்து ஆசிரியர்கள் அறையில் இருப்பார்கள்.